பழைய மண், மரச் சாமான்களால் வீட்டை அலங்கரிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டில் இருக்கும் ஜாடி, நெல் அளக்கும் மரக்கால், அஞ்சறைப்பெட்டி, பானை இவற்றைப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். போனில் ஆளுக்கு ஒரு தடவை சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன். பெரும்பாலும் புழக்கத்தில் இருந்த வீட்டுச் சாமான்களைப் பற்றித்தான் பேசுகிறேன். சிலை, தேர்ச் சிற்பம் எல்லாம் வேறு கதை. அது கடைசிப் பக்கமாக வருகிறது.

எனக்கு இதுல ஒண்ணுமே தெரியாது. எங்கேர்ந்து ஆரம்பிக்கறது?

உங்கள் வீட்டுப் பரணிலிருந்து. அம்மா வீடு, மாமியார் வீடு, ஊரில் பூட்டிக் கிடக்கும் பெரியப்பா வீடு என்று எங்காவது ஒரு மத்தும் பல்லாங்குழியும் முறுக்கு நாழியும் நிச்சயம் கிடக்கும். காசு கொடுத்து வாங்குவதற்கு முன் அவற்றைக் கேட்டு வாங்குங்கள். யார் வைத்திருந்தது, எதற்குப் பயன்பட்டது என்று தெரிந்த பொருளுக்கு முன்னால் கடையில் வாங்கியது எதுவும் நிற்காது.

அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் கடைக்குப் போகலாம். போகும் முன் கண்ணைப் பழக்கிக்கொள்ளுங்கள். சென்னைக்காரர்கள் முட்டுக்காட்டில் 1996-இல் திறந்த தக்ஷிணசித்ராவுக்கு ஒரு நாள் போய் வரலாம். பழைய வீடுகளையே பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். எந்தச் சாமான் அடுப்படியில் இருக்கும், எது முற்றத்தில், எது கூடத்தில் என்பது அங்கே கண்ணால் பார்த்தே புரியும்.

காரைக்குடிக்குப் போனா எல்லாம் கிடைக்குமாமே, நிஜமா?

நிறையக் கிடைக்கும். முனீஸ்வரன் கோயில் தெருவில் வரிசையாகப் பழைய சாமான் கடைகள் இருக்கின்றன. நகரத்தார் பர்மா, மலேயா, இலங்கை என்று வட்டித் தொழில் செய்த காலத்தில் பர்மா தேக்கும், பெரிய பெரிய ஜாடிகளும், ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் செய்த எனாமல் பாத்திரங்களும் கப்பல் கப்பலாக வந்தன. பெண்ணுக்குச் சீர் வைக்கும்போது சாமானை டஜன் கணக்கில் அடுக்கும் வழக்கம் வேறு. பிள்ளைகள் வெளியூர் போய், வீட்டுக்குப் பங்கு பிரித்ததும் அதெல்லாம் தெருவுக்கு வந்தது.

வாசலில் துடைத்து அடுக்கியிருப்பதை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். உள்ளே தூசியோடு குவிந்து கிடப்பதில்தான் நல்ல சாமான் இருக்கும், விலையும் குறைவாக இருக்கும். ஜாடிக்கு மூடி இருக்கிறதா, அது அந்த ஜாடியின் மூடிதானா என்று பாருங்கள். அஞ்சறைப்பெட்டியில் இழுப்பு மூடி சிக்காமல் ஓடுகிறதா என்று பாருங்கள். மூடி இல்லாத சாமானுக்கு மூடி உள்ள விலையைக் கொடுக்க வேண்டியதில்லை.

பழசுன்னு சொல்லிப் புதுசைத் தலைல கட்டிட்டா எப்படிக் கண்டுபிடிக்கறது?

தேய்மானத்தைப் பாருங்கள். கை படும் இடம் தேய்ந்திருக்க வேண்டும், கை படாத இடம் தேய்ந்திருக்கக் கூடாது. முக்காலி என்றால் உட்காரும் இடம் வழவழவென்றும் அடிப்பக்கம் சொரசொரவென்றும் இருக்கும். பல்லாங்குழியில் குழிகளின் விளிம்பு மழுங்கியிருக்கும். மத்தின் தண்டில் கயிறு ஓடிய இடம் பள்ளமாகியிருக்கும். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி ‘பழசாக’ இருந்தால் அது சாயம். டீத்தண்ணீர், ஷூ பாலிஷ், பொட்டாசியம் பெர்மாங்கனேட் எல்லாம் அந்த வேலைக்குத்தான். ஈரத்துணியால் ஒரு மூலையில் தேய்த்துப் பாருங்கள், ஒட்டுகிறதா என்று. ஷூ பாலிஷை மூக்கே காட்டிக்கொடுத்துவிடும்.

ஆணியும் ஒரு சாட்சி. நட்சத்திரத் தலைத் திருகாணி இருந்தால் ஒன்று பொருள் புதுசு, இல்லை சமீபத்தில் யாரோ கை வைத்திருக்கிறார்கள். மறுபடி பூட்டியதில் தப்பில்லை, ஆனால் அதைக் கடைக்காரர் சொல்லியிருக்க வேண்டும். படி, மரக்காலில் அளவை இலாகா முத்திரை குத்தியிருக்கிறதா என்று தேடுங்கள். 1956-இல் மெட்ரிக் அளவைச் சட்டம் வந்து, 60-களின் தொடக்கத்தில் கட்டாயமானதும் படிக்கும் மரக்காலுக்கும் சந்தையில் வேலை போய்விட்டது. அதனால் முத்திரையுள்ள பழைய படி உங்கள் கையில் இருந்தால் அதன் வயதை ஓரளவு ஊகிக்கலாம்.

இன்னொன்று: புதுசு என்பதற்காக ஒரு பொருள் மட்டமாகிவிடாது. மானாமதுரைக் குயவர்கள் இன்றும் செய்யும் பானை கையால் செய்த பானைதான். அந்த ஊர் மண்பாண்டத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. புதுச்சேரியில் 1971-இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியில் பழகியவர்கள் பலர் அங்கேயே சூளை போட்டு நல்ல சாமான் செய்கிறார்கள். புதுசைப் புதுசு என்று சொல்லி விற்பவரிடம் தாராளமாக வாங்குங்கள்.

மண்பானை, பீங்கான் ஜாடி ரெண்டும் மண்ணுதானே? ஒரே மாதிரி பாத்துக்கிட்டா போதாதா?

போதாது. நம் ஊர் சட்டி பானை பெரும்பாலும் 1000 டிகிரி செல்சியஸுக்குக் கீழேதான் சுடப்படுகிறது. உடம்பெல்லாம் நுண்ணிய துளை இருக்கும். தண்ணீரை உறிஞ்சும், கசிய விடும். அதனால்தான் தண்ணீர் குளிர்கிறது. ஊறுகாய் ஜாடியின் களிமண் வேறு, சூடும் வேறு. 1200 டிகிரிக்கு மேல் வெந்து கிட்டத்தட்டக் கல்லாகிவிடும், மேலே கண்ணாடிப் பூச்சும் இருக்கும். தண்ணீர் இறங்காது.

ஆக, ஜாடியை நன்றாகவே கழுவலாம். கொதிக்கும் நீர் மட்டும் வேண்டாம், பழைய ஜாடி சட்டென்று விரிசல் விடும். மண்பானைக்குச் சோப்பே காட்டக் கூடாது. துளைக்குள் போன சோப்பு திரும்ப வராது. தேங்காய் நாரும் பச்சைத் தண்ணீரும் போதும். பானையில் பூ வைக்க ஆசையா? உள்ளே ஒரு எவர்சில்வர் டம்ளரை இறக்கி அதில் தண்ணீர் ஊற்றுங்கள். இல்லாவிட்டால் பானை வியர்த்து, கீழே இருக்கும் மர மேசையில் வட்டக் கறை விழும்.

வாங்கும்போது விரலை மடக்கித் தட்டிப் பாருங்கள். நல்ல பானை கணீரென்று பேசும். விரிசல் விட்டது ‘டொப்’ என்று அமுங்கும். கண்ணுக்குத் தெரியாத விரிசலும் காதுக்குத் தெரியும்.

பானை மேல வெள்ளை வெள்ளையாப் பூக்குது. பூஞ்சையா?

பெரும்பாலும் உப்பு. பானை குடித்த தண்ணீரில் இருந்த உப்பு, காயும்போது வெளியே வந்து பூத்திருக்கிறது. காய்ந்த பிரஷ்ஷால் தட்டினால் மாவாக உதிர்ந்தால் உப்பு. பஞ்சு போல இழை இழையாக, ஈர வாடையோடு இருந்தால்தான் பூஞ்சை.

உப்பு என்றால் முதலில் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். பிறகு நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, தினமும் தண்ணீரை மாற்றி, சில நாள் கழித்து நிழலில் நிதானமாகக் காய வையுங்கள். போர் தண்ணீரில் ஊறப்போட்டால் இருக்கிற உப்பு போதாதென்று இன்னும் ஏறும். வினிகர் ஊற்றச் சொல்லுவார்கள், வேண்டாம். சாயம் பூசிய பானையை ஊறவே போடாதீர்கள்.

பழைய ஜாடியில மறுபடி ஊறுகாய் போடலாமா?

உங்கள் வீட்டிலேயே தலைமுறையாக ஊறுகாய் போட்டு வந்த, பூச்சு விட்டுப்போகாத பழுப்பு-வெள்ளை ஜாடி என்றால் பொதுவாகப் பயமில்லை. எங்கிருந்து வந்தது என்று தெரியாத ஜாடி, உள்ளே பளிச்சென்ற பச்சை, மஞ்சள், ஆரஞ்சுப் பூச்சுள்ளது, உள்பூச்சு வலைவலையாக வெடித்தது இவை மூன்றிலும் சாப்பாட்டுச் சாமான் போட வேண்டாம். குறைந்த சூட்டில் சுட்ட சில பூச்சுகளில் ஈயம் இருக்கும். எலுமிச்சை, புளி, மாங்காய் மாதிரி புளிப்பு ஈயத்தை இழுத்து வெளியே கொண்டுவரும். ஊறுகாய் அதில் மாதக்கணக்கில் கிடக்கிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ஜாடியில் கரண்டிகளைச் செருகி வையுங்கள், குடை வையுங்கள்.

பழைய எண்ணெய் வாடை போகவில்லை என்பவர்களுக்கு: சமையல் சோடாவைக் குழைத்து உள்ளே பூசி ஒரு ராத்திரி விட்டு, கழுவி, வெயிலில் கவிழ்க்காமல் திறந்து வையுங்கள். ஒரு தடவையில் போகாது.

மரச்சாமானை எப்படிக் கழுவறது?

கழுவவே கூடாது. காய்ந்த பெயிண்ட் பிரஷ்ஷால் தூசி தட்டுங்கள், இடுக்குக்குப் பழைய டூத்பிரஷ். அப்படியும் போகாத அழுக்கை, நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்து உடனே காய்ந்த துணியால் ஒற்றி, நிழலில் வையுங்கள். தொட்டியில் முக்கினால் மரம் உப்பும், வெயிலில் வைத்தால் பிளக்கும். இரண்டையும் ஒரே நாளில் செய்கிறவர்களும் உண்டு.

மரக்காலில் இரும்புப் பட்டை கழன்று கழன்று வருகிறதென்று கேட்பார்கள். மரம் காய்ந்து சுருங்கியதால் வருவது அது. ஏசி அறையில் வைத்தால் இன்னும் சுருங்கும். பட்டையை அடித்து இறுக்காதீர்கள், ஏசி காற்று நேரே படாத இடத்துக்கு மாற்றிப் பாருங்கள். மேற்கு வெயில் விழும் ஜன்னலோரமும் ஆகாது.

வார்னிஷ் அடிச்சா பளபளன்னு இருக்குமே, ஏன் வேண்டாங்கறீங்க?

ஐம்பது வருஷம் கை பட்டுப் பட்டு வந்த மெருகின் மேல் பிளாஸ்டிக் பேப்பர் ஒட்டுகிற மாதிரிதான் அது. அடித்தபின் எடுக்கவும் முடியாது. எடுக்க வேண்டுமானால் உப்புக்காகிதம் போட்டுத் தேய்க்க வேண்டும், அதோடு மெருகும் போய்விடும். சில கடைகளில் பழைய பெயிண்டை எடுக்கக் காஸ்டிக் சோடாவில் முக்குகிறார்கள். அப்படி வந்த மரம் நரைத்துப்போய், நார் தூக்கி நிற்கும். பார்த்தாலே தெரியும், வாங்காதீர்கள். வீட்டிலேயே பழைய பெயிண்டைச் சுரண்டவும் வேண்டாம். அதிலும் ஈயம் இருக்கலாம், தூளைக் குழந்தைகள் சுவாசிக்கக் கூடாது.

வறண்டு கிடக்கும் மரத்துக்குத் தேன்மெழுகு போதும். எண்ணெய் பூச வேண்டுமென்றால் ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகப் பூசி மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். அது காற்றுப் பட்டு உலர்ந்து இறுகும். தேங்காய் எண்ணெய் உலராது. பிசுபிசுவென்று நின்று தூசியை இழுக்கும், பிறகு சிக்கு வாடை வரும். முக்கியமான எச்சரிக்கை: ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வைத்துப் பிறகு வெளியே போடுங்கள்.

சாமானுக்குக் கீழ மாவு மாதிரி கொட்டுது. வீடு முழுக்கப் பரவிடுமா?

அது உளு. மரத்துக்குள் இருக்கும் புழு வண்டாகி வெளியே வரும்போது குண்டூசித் தலை அளவு ஓட்டை போட்டுவிட்டு, மாவைத் தள்ளிவிட்டுப் போகும். ஓட்டையைப் பார்த்ததும் பயப்பட வேண்டாம், அது என்றைக்கோ போட்ட ஓட்டையாக இருக்கலாம். சாமானைக் கறுப்புத் துணியின் மேல் வைத்து ஒரு வாரம் விடுங்கள். வெளிறிய புது மாவு விழுந்தால்தான் உள்ளே உயிர் இருக்கிறது. மண் குழாய் ஓடியிருந்தால் அது கரையான், ஆளைக் கூப்பிடுங்கள்; அது சாமானோடு நிற்காது, நிலை ஜன்னலுக்கும் போகும்.

உளு பெரும்பாலும் வெளிப்பக்க வெண்மரத்தைத்தான் தின்னும். வைரம் பாய்ந்த தேக்கை அவ்வளவாகத் தொடாது. அதனால் ஒரே பெட்டியில் ஒரு பலகை சல்லடையாகவும் பக்கத்துப் பலகை சும்மாவும் இருக்கும். சின்னச் சாமான் என்றால் பிளாஸ்டிக் பையில் காற்றுப் போகாமல் கட்டி, ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்ததும் பையைப் பிரிக்காமல் அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள், இல்லாவிட்டால் வியர்க்கும். பெரிய சாமானுக்குப் போரிக் அமிலம், வெண்காரம் கலந்த கரைசல் கிடைக்கிறது, பூச்சில்லாத மரத்தில்தான் இறங்கும். எல்லாம் முடிந்து மாவு நின்றபின் ஓட்டைகளை மெழுகால் அடைத்துவிடுங்கள். அடுத்த தடவை புது மாவு வந்தால் அது புது ஓட்டை என்று தெரியும்.

கடையிலிருந்து வந்த மரச்சாமானை நேரே ஹாலுக்குக் கொண்டு போகாதீர்கள். பால்கனியிலோ மாடிப்படிக்குக் கீழோ சில வாரம் கறுப்புத் துணி மேல் இருக்கட்டும்.

எங்க வீடு 600 சதுர அடி. இதெல்லாம் பங்களாவுக்குத்தானே?

சின்ன வீட்டில்தான் இது எடுபடும். காரணம், ஒவ்வொன்றுக்கும் வேலை கொடுத்தாக வேண்டும். கணக்குப்பிள்ளை சாய்வுப் பெட்டிக்குள் மின்சார அட்டையும் சாவியும் போகும். உப்பு மரவையில், அதாவது உப்பு போட்டு வைக்கும் மரக்கிண்ணத்தில், சில்லறை. அஞ்சறைப்பெட்டி சமையலறையிலேயே கடுகு சீரகத்தோடு இருக்கட்டும். முக்காலியில் உட்காரலாம், மணை போட்டுச் சாப்பிடலாம். வேலையில்லாத சாமான் தூசி வாங்கும், மாதம் ஒரு தடவை துடைக்கையில் நமக்கே அலுத்துப்போகும்.

ஒரு சுவருக்கு ஒரு பெரிய பொருள், அதைச் சுற்றி வெறும் இடம். பத்து மத்தை ஒரே சுவரில் மாட்டினால் ஹோட்டல் வரவேற்பறை ஆகிவிடும். செட்டிநாட்டு உணவகம் என்று பேர் வைத்த எல்லா இடத்திலும் அதைப் பார்க்கலாம். மரமும் சுடுமண்ணும் சுண்ணாம்பு வெள்ளைச் சுவரில் நன்றாக எடுக்கும், பூப்போட்ட வால்பேப்பரில் காணாமல் போகும்.

பானையை உறியில் தொங்கவிட ஆசைப்பட்டால் பழைய தென்னங்கயிற்றை நம்பாதீர்கள், வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே இற்றுப் போயிருக்கும். உள்ளே ஒரு நைலான் கயிறு ஓட்டுங்கள். கனமான கதவு, நுகத்தடி போன்றவற்றை ஹாலோ பிளாக் சுவரில் சாதா ஆணியில் மாட்டக் கூடாது. ஊஞ்சல் கொக்கி கான்கிரீட் விட்டத்தில்தான் இறங்க வேண்டும். வாடகை வீடென்றால் அந்தப் பேச்சே வேண்டாம்.

ஜாடில ஓட்டை போட்டு விளக்கு செய்யலாமா? கதவை அறுத்து டேபிள்?

கையில் இருப்பது ஆயிரத்தில் ஒன்றா, ஒன்றே ஒன்றா என்று முதலில் கேளுங்கள். மூடி போய், வாய் உடைந்த ஜாடி ஊரெல்லாம் கிடக்கிறது. அதில் ஓட்டை போடுங்கள், விளக்கு செய்யுங்கள், செடி வையுங்கள். முழுசாக, மூடியோடு இருக்கும் ஜாடியை விட்டுவிடுங்கள். விளக்குக்கு வயரை வாய் வழியாகவே விட்டுச் செய்ய முடியும்.

கதவை அறுக்காதீர்கள். கதவின் மேல் கண்ணாடி போட்டு, கீழே தனிக் கால் கொடுத்தால் டேபிள்தானே? நாளைக்குப் பிள்ளைகள் வேண்டாமென்றால் மறுபடி கதவாகிவிடும்.

எங்க மாமியார், அடுத்தவங்க புழங்குன பழைய சாமான் வீட்டுக்கு ஆகாதுங்கறாங்க. என்ன சொல்றது?

வாதாடாதீர்கள். மாமியார் வேண்டாம் என்பது எந்தச் சாமான் என்று கேளுங்கள், எல்லாமாக இருக்காது. வெறும் தொட்டிலை ஆட்டக் கூடாது என்பார்கள். தொட்டிலில் துணிமணியோ புத்தகமோ போட்டு வையுங்கள், ஆட்டாதீர்கள். மண்சாமானில் அடுத்த வீட்டு எச்சில் இறங்கியிருக்கும் என்பதில், மேலே சொன்ன துளைகளை நினைத்தால், நியாயமும் இருக்கிறது. பழைய சட்டியில் நானும் சமைப்பதில்லை. மரப்பாச்சி ஜோடியைக் கொலுவில் வைக்கலாம் என்று பேச்சை ஆரம்பித்தால் பெரும்பாலான மாமியார்கள் நம் பக்கம் வந்துவிடுகிறார்கள்.

ஆசையா வாங்குன பானை உடைஞ்சு போச்சு. ஒட்டலாமா?

சில்லுகளை ஒன்று விடாமல் பொறுக்கிக் காகிதத்தில் சுற்றுங்கள். காயவிட்டு, விளிம்பைப் பிரஷ்ஷால் மட்டும் துடைத்து, பசையில்லாமல் ஒருமுறை பொருத்திப் பார்த்து வரிசையைக் குறித்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு சில்லைத் தப்பாக ஒட்டிவிட்டால் கடைசிச் சில்லு உள்ளே போகாது. சட்டென்று ஒட்டும் பசைகள் சுடுமண்ணின் துளைக்குள் ஓடிப்போய்விடும். எபாக்ஸி நிற்கும், ஆனால் பிரிக்க முடியாது. மதிப்புள்ள பொருளுக்கு அருங்காட்சியகங்களில் பயன்படுத்தும் பாராலாய்ட் பி-72 நல்லது; அசிட்டோன் தொட்டால் கரையும், தப்பைத் திருத்தலாம். எதில் ஒட்டினாலும் அதன்பின் அதில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

ஐயனார் கோயில் மண்குதிரை ஒண்ணு வீட்டுல வைக்கணும். அங்க உடைஞ்சு கிடக்கறதுல ஒண்ணை எடுத்துக்கலாமா?

கூடாது. அது யாரோ வேண்டிக்கொண்டு செய்துவைத்த நேர்த்திக்கடன். மழையில் கரைந்து மண்ணோடு போவதுதான் அதன் கணக்கு; புதுக்குதிரை வந்து பக்கத்தில் நிற்கும். புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் குதிரை செய்யும் வேளார் குடும்பங்கள் இருக்கின்றன, பல கோயில்களில் பூசாரியும் அவர்களே. அவர்களிடம் சொல்லி வீட்டுக்கென்று சின்னதாக ஒன்று செய்யச் சொல்லுங்கள். சூளை போடும் நாள் அவர்கள் கையில், அவசரப்படுத்தாதீர்கள்.

பழைய சாமி சிற்பம், தேர்ப் பலகை விலைக்கு வருது. வாங்கலாமா? சிங்கப்பூர்ல இருக்கற தங்கைக்கும் அனுப்பணும்.

1972-ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைப்பொக்கிஷச் சட்டப்படி, நூறு ஆண்டுக்குக் குறையாத சிற்பம், கைவினைப் பொருள் எல்லாம் தொல்பொருள்தான். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. விற்பவருக்கு உரிமம் வேண்டும், சிற்பங்களுக்குப் பதிவும் வேண்டும். கோயிலிலிருந்து திருடு போனது உங்கள் ஹாலில் நின்றால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள். தமிழ்நாடு போலீஸில் 1983 முதல் சிலைக் கடத்தலுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. ரசீது தராதவரிடம் சாமி சம்பந்தப்பட்ட எதையும் வாங்காதீர்கள், எவ்வளவு மலிவாக இருந்தாலும்.

தங்கைக்குப் புதிதாகச் செய்த பானையும் பல்லாங்குழியும் அனுப்புங்கள். பழைய தோற்றமுள்ள பொருள் என்றால், அது தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே வாங்குங்கள். விமான நிலையத்தில் நின்று விளக்கம் சொல்வது வீண். மரப்பாச்சியில் கவனம்: செம்மரத்தில் செய்ததை எல்லை தாண்டிக் கொண்டுபோகக் கட்டுப்பாடு இருக்கிறது.

ஊர் வீட்டை இடிக்கப் போறோம். எதை எடுக்கறது, எதை விடறது? அண்ணன் தம்பி நாலு பேரு.

முதலில் எதையும் நகர்த்தாமல் அறை அறையாகப் போட்டோ எடுங்கள். எந்தச் சாமான் எங்கே இருந்தது என்பது பிறகு யாருக்கும் ஞாபகம் இருக்காது. இடிக்க ஆள் பேசும்போது மரம், கதவு, தூண் யாருக்கு என்பதை எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள். சும்மா விட்டால் இடிப்பவருக்கு என்றுதான் கணக்காகும். நிலையை எடுக்க நினைத்தால் புது வீட்டு வாசலின் அளவை இப்போதே ஒப்பிடுங்கள். நிலையை அறுத்துச் சிறிதாக்குவது கதவை அறுப்பதைவிட மோசம்.

பங்கில் பெரிய சாமானுக்குத்தான் சண்டை வரும். குதிர், பெரிய உரல், பத்தாயம் இவற்றை ஃப்ளாட்டுக்கு ஏற்ற முடியாது, லிஃப்டிலும் போகாது. ஊரில் வீடு வைத்திருப்பவர் எடுத்துக்கொள்வதே சரி. சின்னதை நாலாகப் பிரியுங்கள், ஜோடியை மட்டும் பிரிக்காதீர்கள்: உரலோடு உலக்கை, ஜாடியோடு மூடி, மரப்பாச்சியில் ஆணோடு பெண். யாருக்கும் வேண்டாததை விற்பதென்றால், இடிக்கும் ஆளிடம் ஒட்டுமொத்தமாகத் தள்ளாமல், காரைக்குடியில் இரண்டு மூன்று கடைக்காரர்களுக்கு அந்தப் போட்டோக்களை அனுப்பி விலை கேளுங்கள்.